வலியை மறைக்காதீர்: திருவதிகை தரும் பாடம்

பண்ருட்டிக்கு அருகே, கெடில நதிக்கரையில் எழுந்தருளியிருக்கும் திருவதிகை வீரட்டானேசுவரர் திருக்கோயில் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகும். இறைவன் திரிபுரங்களை எரித்தருளிய தலம் என்று இது போற்றப்படுகிறது. பதினாறு பட்டைகளுடன் கூடிய பெரிய இலிங்கத் திருமேனியாய் ஈசன் காட்சி தர, அம்பிகை திரிபுரசுந்தரியாக அருள்பாலிக்கிறாள்.

நெய்வேலி நிலக்கரி நகரியத்திலிருந்து இத்தலத்திற்கு எளிதில் வந்துவிடலாம். நெய்வேலி நிறுவனம் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1970களில் அங்கே இளைஞர்களாகப் பணியில் சேர்ந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்த பெரியவர்கள். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஓடியாடிய கால்கள், இப்போது பிரதோஷத்திற்கும் சதயத்திற்கும் கோயில் பிராகாரத்தைத் தேடி வருகின்றன. அக்கால்களைப் பற்றியதே இக்கட்டுரை.

முதுமையில் கால் எரிகிறது, மரத்துப் போகிறது, இரவில் ஊசியால் குத்துவது போல் இருக்கிறது என்று சொல்வோர் பலர். சொல்லாமல் பொறுத்துக்கொள்வோர் அவர்களினும் பலர். அவ்வாறு பொறுத்துக்கொள்வது சரிதானா என்ற கேள்விக்குத் திருவதிகைத் தலத்தின் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது.

தமக்கையிடம் சென்ற சேதி

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தவர் மருள்நீக்கியார். பெற்றோரை இழந்த அவருக்குத் தாயும் தந்தையுமாய் இருந்து வளர்த்தவர் தமக்கை திலகவதியார். பின்னாளில் சமண நெறியில் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்தில் உயர்நிலையில் வாழ்ந்தார் மருள்நீக்கியார். திலகவதியாரோ திருவதிகையில் தங்கி, நாள்தோறும் திருவலகு இட்டு, மெழுகி, மாலை தொடுத்து ஈசனுக்குத் தொண்டு செய்துவந்தார்.

அந்நாளில் மருள்நீக்கியாரைச் சூலை நோய் பற்றியது. உடனிருந்தோர் தாம் அறிந்த வழிகளையெல்லாம் கையாண்டும் வலி தணியவில்லை. அப்போது அவர் செய்த முதற்காரியம் என்ன என்பதைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டுகிறார். தம் சமையற்காரரைத் திருவதிகைக்கு அனுப்பித் தம் நிலையைத் தமக்கையிடம் சொல்லச் செய்தார். பிறகு இரவோடிரவாக, வெண்ணிற ஆடை உடுத்து, நம்பிக்கைக்குரியவர்களின் கைத்தாங்கலில் நடந்து தமக்கையின் திருமடத்தை அடைந்தார். திலகவதியார் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். வைகறையில் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பதிகம் பிறந்தது, சூலை நீங்கிற்று, நாவுக்கரசர் என்னும் திருநாமம் கிடைத்தது.

சூலை என்பது வயிற்றைப் பற்றி முறுக்கும் நோய். நரம்பு வலி வேறு. இரண்டும் ஒன்றென்று கொள்ளலாகாது. ஆயினும் வலியுற்றவர் நடந்துகொண்ட முறை எக்காலத்துக்கும் பொருந்தும். அறிவாலும் பதவியாலும் உயர்ந்திருந்த ஒருவர், தம் வலியை வெளியே சொல்ல வெட்கப்படவில்லை. யாரிடம் சொன்னால் வழி பிறக்குமோ அவரிடம் சொன்னார். நடக்க இயலாதபோது பிறர் கையைப் பற்றிக்கொள்ளவும் தயங்கவில்லை. இந்த மூன்றையும் இன்றைய பெரியவர்கள் பலர் செய்வதில்லை. “வயசானா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்று தமக்குத் தாமே தேறுதல் சொல்லிக்கொண்டு விடுகின்றனர். பிள்ளைகளுக்கு எதற்குத் தொல்லை என்று எண்ணுகின்றனர். அதனால் விளையும் இழப்பு பெரிது.

நரம்பு வலி என்பது யாது?

முழங்கால் தேய்ந்து வலிப்பதும், தசை பிடித்து வலிப்பதும் நாம் அறிந்தவை. அவ்விடங்களில் ஏற்பட்ட கோளாற்றை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. நரம்பு வலி அத்தகையதன்று. சேதி கொண்டு செல்லும் நரம்பே பழுதடைந்து, இல்லாத சூட்டை இருப்பதாகவும், குத்தாத ஊசியைக் குத்துவதாகவும் தவறாக அறிவிப்பதே நரம்பு வலி. ஆகையால்தான் காலில் காயமோ வீக்கமோ இல்லாமலே உள்ளங்கால் தீயாய் எரிகிறது. மின்சாரம் பாய்வது போல் சுரீர் என்று இழுக்கிறது. எறும்பு ஊர்வது போலும், பஞ்சின் மேல் நடப்பது போலும் தோன்றுகிறது. சிலருக்குப் போர்வை பட்டாலே பொறுக்க முடிவதில்லை. பகலைவிட இரவில் இது மிகுதியாகும்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதலிடம் பெறுவது நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. இரத்தத்தில் பல்லாண்டுக் காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, நரம்பு இழைகளையும் அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்தை அடைபவை. எனவே அவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. கால்விரல் நுனியில் தொடங்கும் எரிச்சல், காலுறை அணிந்தது போல மெல்ல மெல்ல மேலேறும். முழங்கால் அளவை எட்டும் காலத்தில் கைவிரல் நுனிகளிலும் தொடங்கிவிடும்.

வலி நின்றபோது தொடங்கும் ஆபத்து

ஒரு காட்சியை மனக்கண்ணில் கண்டு பார்ப்போம். இருபது ஆண்டுகளாக நீரிழிவுள்ள பெரியவர் ஒருவர். பல ஆண்டுகள் இரவெல்லாம் கால் எரிச்சலால் தூக்கமின்றித் தவித்தார். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எரிச்சல் தானாகவே குறைந்து, ஒருநாள் அறவே நின்றும் போயிற்று. ஈசன் கருணை என்று மகிழ்ந்தார்.

சித்திரை மாதத்து நண்பகலில் கோயிலுக்குச் சென்றார். உடன் வந்த மனைவி கருங்கல் தளத்தின் சூடு தாங்காமல் நிழல் தேடி ஓடினார். பெரியவரோ நிதானமாக மூன்று முறை வலம் வந்தார். சூடே தெரியவில்லை, அதையும் அருள் என்றே எண்ணினார். மாலையில் வீட்டுக் கூடத்தில் அவர் நடந்து சென்ற வழியைப் பார்த்து மருமகள் கேட்டாள்.

“மாமா, தரையெல்லாம் ஈரமா கால்தடம் இருக்கே? தண்ணியில நின்னுட்டு வந்தீங்களா?”

அவர் குனிந்து பார்த்தார். இரு உள்ளங்கால்களிலும் கொப்புளங்கள் எழும்பி, உடைந்திருந்தன.

இது கற்பனைக் காட்சி. ஆனால் நீரிழிவுப் பாதச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்குக் கோடைக்காலத்தில் இத்தகைய பாதங்கள் புதியவை அல்ல. அப்பெரியவருக்கு வலி நின்றது நோய் நீங்கியதால் அன்று. வலியை அறிவிக்கும் நரம்பே ஓய்ந்துவிட்டதால் நின்றது. எரியும் பாதத்தைவிட, எதையும் உணராத பாதமே அஞ்சத்தக்கது. நீரிழிவு நரம்புப் பாதிப்பு உடையோரில் பாதிப் பேர் வரை எந்தத் துன்பமும் தெரியாமலே இருக்கக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் கூறும் உண்மை. அத்தகையோர் முள் தைத்ததை அறியார். காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததையும் அறியார். உணராத புண்ணில் கிருமி புகுந்து, எலும்பு வரை பரவி, விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலை வருகிறது.

வேலூரில் உணர்ந்த உண்மை

வலியின் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பெருமை தமிழ்நாட்டு மண்ணுக்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்றே அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரத்தைப் பற்றிய கை, ஆணி குத்தியதறியாமல் நடந்த கால் என்று ஒவ்வொன்றாக விளங்கிற்று. உறங்கும்போது எலி கடித்ததுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. நோய் நரம்பைக் கெடுத்தது. வலி இன்மையே விரல்களைப் பறித்தது.

இதையறிந்தபின் வேலூரிலும் காரிகிரியிலும் இரு வழிகள் வற்புறுத்தப்பட்டன. ஒன்று, நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்தல். மற்றொன்று, அழுத்தத்தைப் பரவலாக்கும் மெல்லிய நுண்துளை இரப்பர் செருப்பு. நீரிழிவு நோயாளிகளுக்கு இன்று எழுதித் தரப்படும் மென் செருப்பு அந்த வழியில் வந்ததே. பின்னாளில் அமெரிக்கா சென்ற பிராண்ட், அதே பாடத்தை நீரிழிவுப் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார். வலியை யாரும் விரும்பாத ஒரு வரம் என்றே அவர் கருதினார்.

சித்தவட மடத்தின் முதியவர்

திருவதிகையோடு தொடர்புடைய மற்றொரு வரலாறும் பாதத்தைப் பற்றியதே. நாவுக்கரசர் கைத்தொண்டு புரிந்த ஊரைக் காலால் மிதிப்பதா என்று கூசிய சுந்தரர், ஊருக்குப் புறத்தே சித்தவட மடத்தில் இரவு தங்கினார். அங்கு முதியவர் ஒருவரும் வந்து படுத்தார். உறக்கத்தில் அம்முதியவரின் கால்கள் சுந்தரரின் தலைமேல் பட்டன. சுந்தரர் எழுந்து கேட்டபோது, திசை தெரியாதபடி செய்தது தம் மூப்பு என்றார் அவர். வேறு பக்கம் மாறிப் படுத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. முதியவராய் வந்தவர் ஈசனே என்பதும், அது திருவடி தீட்சை என்பதும் அடியார் அறிந்தவை.

இறைவனுக்கு அது திருவிளையாடல். மானிடருக்கோ மூப்பில் கால் இருக்கும் இடம் தெரியாமற்போவது மெய்யாகவே நேர்வது. கண்ணை மூடினாலும் கால் எங்குள்ளது, விரல் எப்பக்கம் மடங்கியுள்ளது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் தனியே உண்டு. அவை தளர்ந்தால், முகம் கழுவக் கண்ணை மூடும்போது உடல் தள்ளாடும். இருட்டில் கழிப்பறைக்குச் செல்லும்போது கால் தடுமாறும். முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணம். படுக்கையறையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு, ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு ஆகியவை போதும். பெரும் விபத்தைத் தடுக்கலாம். ஊன்றுகோல் பிடிப்பதில் இழுக்கு ஏதும் இல்லை. நாவுக்கரசரும் பிறர் கையை ஊன்றியே திருவதிகைக்கு வந்தார்.

சர்க்கரை மட்டுமே காரணமன்று

சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பி12 என்னும் உயிர்ச்சத்து. இது தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், தயிர் ஆகியவற்றில் ஓரளவு உண்டு. வயது ஏற ஏற அதை உட்கிரகிக்கும் ஆற்றல் குறைகிறது. நீரிழிவுக்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உண்போர்க்கும், அமிலம் குறைக்கும் மாத்திரையை நெடுங்காலம் உண்போர்க்கும் இக்குறை ஏற்பட வாய்ப்பு மிகுதி. கால் மரப்பு, தள்ளாட்டம், மறதி, நாவில் எரிச்சல் ஆகியன இதன் அறிகுறிகள். எளிய இரத்தப் பரிசோதனையால் இதைக் கண்டறியலாம். ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுசெய்யலாம். காலம் தாழ்த்தினால் பாதிப்பு நிலைத்துவிடும். அதே வேளையில் “நரம்புச் சத்து” மாத்திரைகளைத் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் தவறு. பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

அடுத்தது அக்கி. சிறுவயதில் அம்மை வந்து இறங்கியபின் அந்தக் கிருமி உடலைவிட்டு முழுதும் நீங்குவதில்லை. நரம்பு வேர்களில் உறங்கிக் கிடக்கிறது. முதுமையில் எதிர்ப்பாற்றல் குறையும்போது விழித்து, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. குயவர் வீட்டுக்குச் சென்று காவியால் அக்கி எழுதுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்கி எழுதும் நாளிலேயே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் கிருமிக்கு எதிரான மாத்திரையைத் தொடங்கினால் பயன் மிகுதி. இல்லையேல் தோல் ஆறிய பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நரம்பு வலி தங்கிவிடும். நெற்றியிலோ கண்ணருகிலோ அக்கி வந்தால் பார்வைக்கே ஆபத்து, ஒருநாளும் பொறுக்கலாகாது. 50 வயது கடந்தோர்க்கு அக்கியைத் தடுக்கும் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. 2 முதல் 6 மாத இடைவெளியில் இரு தவணைகளாக அது போடப்படுகிறது. விலை சற்று அதிகம். தேவையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கால் வரை ஒரே பக்கம் இழுக்கும் வலி, முதுகெலும்பிடையே நரம்பு அழுந்துவதால் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் அதனுடன் சிறுநீர், மலம் அடக்க முடியாமற்போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கன்னத்தில் மின்னல் வெட்டுவது போல் நொடிப்பொழுது தாக்கும் வலியைப் பல்வலி என்று எண்ணிப் பல்லைப் பிடுங்கிக்கொள்வோரும் உண்டு. அது முக நரம்பின் வலியாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

பரிசோதனையும் மருந்தும்

நரம்பின் உணர்வைச் சோதிப்பது கடினமன்று. தூண்டில் இழை போன்ற மெல்லிய நைலான் இழை ஒன்றை மருத்துவர் பாதத்தில் பல இடங்களில் தொடுவார். 10 கிராம் விசையில் வளையும் அந்த இழையின் தொடுதலை உணர முடிகிறதா என்று கேட்பார். இசைக்கவையை அதிரச் செய்து பெருவிரலில் வைத்தும் பார்ப்பார். சில நிமிடங்களில் முடியும், வலி கிடையாது. நீரிழிவு உடையோர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் செய்யாவிடில் நாமே கேட்டுப் பெறலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வருகின்றனர். அவர்களிடமும் கால் எரிச்சலைச் சொல்லி, எங்கே காட்டலாம் என்று கேட்கலாம்.

வழக்கமான வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அவற்றுள் பல முதியோரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கக் கூடியவை. நரம்பு வலிக்கென்று பிரிகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் முதலான மருந்துகள் உள்ளன. இவற்றைச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். மயக்கம், தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், சிறுநீர்த் தடை போன்றவை சிலருக்கு ஏற்படும். அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டார் மாத்திரையை வாங்கி விழுங்கவும் கூடாது. வலி பாதியளவு குறைந்து, இரவில் உறக்கம் வந்தாலே மருந்து நன்கு வேலை செய்கிறது என்று கொள்ள வேண்டும். முறையாகக் கற்ற சித்த மருத்துவரை நாடுவோர் நாடலாம். ஊர் பேர் தெரியாத பொடிகளை மட்டும் தவிர்க்க வேண்டும். ஈயம், பாடாணம் கலந்திருந்தால் அவையே நரம்புக்கு நஞ்சாகும்.

மந்திர செபமும் தியானமும் வலியைத் தாங்கும் மனவலிமையைத் தரும். உறக்கம் வராத இரவில் ஐந்தெழுத்தைப் போன்ற துணை வேறில்லை. ஆயினும் செபம் புண்ணுக்குக் கட்டுப் போடுவதில்லை. அதை நாமே செய்ய வேண்டும்.

கோயில் செல்லும் பாதங்களுக்கு

கால் மரப்பு உடையோர் வழிபாட்டை விட வேண்டியதில்லை. நேரத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டால் போதும். கோடையில் காலை 9 மணிக்கு முன்போ, கதிரவன் மறைந்த பின்போ தரிசனத்தை அமைத்துக்கொள்ளலாம். மாலை நடை திறந்த உடனே வெளிப் பிராகாரக் கல் சூடாகவே இருக்கும். நார் விரிப்பு இட்டிருக்கும் வழியில் மட்டும் நடக்கலாம். தைக்கும் மடிப்பில்லாத பருத்திக் காலுறை அணிய அனுமதி உண்டா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். தளம் சூடாக உள்ளதா என்பதைத் தம் காலைக் கொண்டு முடிவு செய்யாமல், உடன் வருபவரைக் கேட்க வேண்டும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் கிரிவலம் வருவதும், பூக்குழி இறங்குவதும் உணர்விழந்த பாதங்களுக்கு ஏற்றவை அல்ல. உட்பிராகாரத்தை ஒருமுறை அன்போடு வலம் வந்தாலும் இறைவன் ஏற்பான்.

செருப்பை விட்ட இடத்தில் திரும்ப அணியும்போது, உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்க வேண்டும். வீடு திரும்பியதும் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை உலர்த்த வேண்டும். உள்ளங்காலில் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் ஈரமும் எண்ணெயும் தங்கலாகாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுதல் கூடவே கூடாது. எரிச்சலுக்கென்று வெந்நீரில் கால் வைப்போர், அந்நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பின்னரே வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது, நாள்தோறும் இரவில் பாதத்தைப் பார்ப்பது. வங்கியில் கணக்கை முடிக்காமல் கதவைப் பூட்டுவதில்லை. அதுபோல் பாதத்தைப் பார்க்காமல் படுக்கைக்குச் செல்லலாகாது. குனிய இயலாதோர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை மங்கியோர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். தாத்தா பாட்டியின் பாதத்தைத் தொட்டு வணங்குவது நம் வீட்டு வழக்கம். தொடும்போது ஒரு கணம் உள்ளங்காலையும் பார்த்தால் அந்த வணக்கம் நிறைவடையும். சிவப்போ, கொப்புளமோ, நீர்க் கசிவோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாவதோ தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் மறுநாளே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலியில்லாத புண்ணுக்கு அவசரம் மிகுதி.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது நரம்புப் பாதிப்பு மேலும் வளராமல் காக்கும். பண்ருட்டிப் பலாச்சுளை சுவையானதே. பிரசாதமாக ஒரு சுளை போதும். எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதை வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்வார். மிகவும் தாழ்ந்த சர்க்கரையும் முதியோர்க்குத் தீங்கே.

கேட்பதற்கு ஒரு திலகவதி

வலியைச் சொல்ல ஒருவர் வேண்டும். அதைக் கேட்க மற்றொருவரும் வேண்டும். திலகவதியார் தம்பியின் வலியைக் கேட்டு, பழைய பிணக்கை எடுத்துப் பேசவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கடிந்துகொள்ளவும் இல்லை. திருநீறு அளித்து, பொழுது புலருமுன் எழுப்பி, தாமே உடன் அழைத்துச் சென்றார். வீட்டில் ஒரு பெரியவர் “கால் எரியுது” என்று சொன்னால், “உங்களுக்கு எப்பப் பார்த்தாலும் இதே பேச்சு” என்று தள்ளாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மகனும் மருமகளும் அத்தமக்கையின் தொண்டைத் தொடர்பவர்களே.

திருவதிகைக் கோயிலில் நாவுக்கரசருக்கும் திலகவதியாருக்கும் தனித்தனியே சன்னதி உண்டு. அடுத்த முறை அங்குச் செல்லும் அன்பர்கள் இரு சன்னதிகளிலும் சற்று நின்று வணங்க வேண்டும். ஒருவர் வலியைச் சொன்னவர், மற்றவர் கேட்டவர். சூலை நீங்கிய நாவுக்கரசர் அதன்பின் தமிழகத்தின் தலங்கள் பலவற்றுக்குக் கால்நடையாகவே சென்று, 81 வயது வரை உழவாரம் ஏந்தித் தொண்டு செய்தார் என்பது மரபு. நம் பாதங்களும் நடக்க வேண்டிய பிராகாரங்கள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றைப் பேணிக் காத்து, வீரட்டானேசுவரரின் திருவடிகளைத் தொழுவோமாக.